எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒஃபீஸ்ல மனசப் பத்திக் கதைக்கவும் தமிழ்ல ஒரு ஆள் வேணும்

கொட்டாஞ்சேனைக்காரி:
2021 ஆகஸ்ட் 20ல இருந்து கொரோனாவால இலங்கைல திரும்ப ஊரடங்கு. எங்க தோட்டத்துல, அதாவது ஒட்டி ஒட்டி வீடுங்க இருக்கிற எங்க எடத்துல, ஒரு அண்ணன், கொழும்பு புறக்கோட்டைல மூட்ட தூக்கிற நாட்டாமை வேல, பத்து நாளா ஒழுங்கா தூங்கல, ராத்திரியெல்லாம் கதவத் திறந்து திறந்து பாக்கிறாரு, யாரோ வாராங்கன்னு சொல்றாரு. கதவுல கொரோனா நோட்டீஸ் ஒட்ட வந்தவர்கிட்ட அவரு வீட்டு அக்கா அழுதுகிட்டு கேட்டாங்க, அவரு "அங்கொடைக்கு கூட்டிட்டு போங்க"ன்னு சொல்லிட்டு போயிட்டாரு. அங்கொடன்னா பெரிய மனநல ஆஸ்பத்திரி இருக்கிற எடம், அந்தப் பேரக் கேட்டதும் அக்காவுக்கு கை நடுங்கிருச்சு, அந்தப் பேரச் சொல்லித்தானே நம்ம ஊர்ல ஆளுங்கள ஏசுறது.
நான் கேக்கிறது மூணு விஷயம். ஒவ்வொரு எம்ஓஎச் ஒஃபீஸ்லயும் தமிழ்ல கதைக்கிற கவுன்சிலர் ஒருத்தர் வேணும், கிளினிக் மருந்து வீட்டுக்கு வரணும், நெலம மோசமானா வீட்டுக்கே வந்து பாக்க ஒரு டீம் வேணும். சுனாமிக்கு அப்புறம் 2005ல கொண்டு வந்த மனநலக் கொள்கையே ஆஸ்பத்திரிக்குள்ள மட்டும் வைக்காம ஊருக்குள்ள கொண்டு போகணும்னு தானே சொல்லுது.

வெள்ளவத்தை வாசி:
தங்கச்சி, உங்கட கவலை விளங்குது. ஆனா ஒரு நாளைக்கு 200க்கு மேல சாவு, ஒக்சிசனுக்கு சனம் அலையுது, இப்ப இருக்கிற காசு அதுக்குத்தான் போகோணும். 1926 எண்டு மனநல உதவிக்கு 24 மணித்தியாலமும் எடுக்கக்கூடிய நம்பர் இருக்கு, மனமுடைஞ்சவையோட கதைக்கிற சுமித்ரயோ எண்ட தொண்டு அமைப்பு 1974ல இருந்து இருக்கு. இன்னொண்டு, 1995 மட்டில இந்த நாட்டில லட்சத்துக்கு 47 பேர் மட்டில தற்கொலை செய்தவை, பிறகு பாதிக்கும் கீழ குறைஞ்சதுக்குப் பெரிய காரணம் கவுன்சிலிங் இல்லை, கொடிய பூச்சிமருந்துகளத் தடை செய்தது. அந்த நாட்டாமைக்கு கிழமைக்கு ஒரு உலருணவுப் பொதி போனா பாதி நித்திரை தானா வரும்.

வார்ட் மிஸ்:
பாதி சரி. ஆனா ஏற்கனவே மருந்து குடிக்கிறவங்கள யோசிங்க. குளிச நின்னு கொஞ்ச நாள்ல சத்தம் கேக்குது, ஆக்கள் தொடர்ந்து வாராங்கன்னு திரும்ப ஆரம்பிக்கும், அப்ப வார்ட்ல கட்டில் வேணும், அந்தக் கட்டில் தான் இப்ப இல்ல. போன வருஷம் ஊரடங்குல தபால்ல மருந்து அனுப்பினாங்க, நல்ல வேல தான், ஆனா ஒரே வீட்டு நம்பர்ல பத்து குடும்பம் இருக்கிற தோட்டத்துல பார்சல் யார் கைக்கு போகும்? கடுமையான மனநோய்க்கு குடுக்கிற குளோசபின் மருந்து குடிக்கிறவங்களுக்கு முதல் 18 கிழமையும் கிழமைக்கு ஒருக்கா ரத்தம் பாக்கணும், வெள்ளை அணு குறைஞ்சா உயிருக்கே ஆபத்து. அத தபால்ல செய்ய ஏலாது. யாராவது வீட்டுக்கு போகத்தான் வேணும்.

மாளிகாவத்தை நானா:
எங்கட வாப்பாட தம்பி கொரோனால மவுத்தாகி எரிச்சாங்க. 2020 மார்ச் கடைசில இருந்து 2021 பெப்ரவரி வரைக்கும் ஜனாஸா அடக்க விடல்ல, மண்ணுக்குள்ள வைச்சா தண்ணில பரவும் எண்டாங்க, உலக சுகாதார அமைப்பு அடக்கலாம் எண்டு சொல்லியும் கேக்கல்ல. அவர்ட பொஞ்சாதி, எங்கட சாச்சி, இன்னும் சரியா சாப்பிடுறல்ல. அவட மனசுக்கு நடந்தது நோய் இல்ல, அநியாயம். மருந்து குடுத்து அத மறைக்க வாணாம். ஆனா பக்கத்து வீட்டு ஒரு தாத்தா (அக்கா) ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து சும்மா இருந்துட்டு போவா, அந்த நாள்ல மட்டும் சாச்சி ரெண்டு வாய் கூடத் திம்பா. அது மாதிரி ஆள் எண்டா நான் வாணாம் எண்டு சொல்ல மாட்டன்.

வெள்ளவத்தை வாசி:
மிஸ் சொன்ன ரத்தப் பரிசோதனை விசயம் எனக்குத் தெரியாது, அதில நான் விட்டுக் குடுக்கிறன். ஆனா வீட்டுக்கு டீம் வாறது எண்டா எனக்குப் பயமா இருக்கு. எங்கட சனத்தின்ர வாசல்ல தெரியாத வாகனம் ஒண்டு வந்து நிண்டா என்ன ஞாபகம் வரும்? வெள்ளை வேன்ல ஆக்களக் கடத்தினதுதானே. மனநோய்க்கு இன்னும் 1873ல வெள்ளைக்காரன் போட்ட சட்டத்த அங்கையும் இங்கையும் திருத்தித்தான் வச்சிருக்கு. அத மாத்தாமல் ஆளை ஏத்திக்கொண்டு போற அதிகாரத்த இன்னொரு கூட்டத்திட்ட குடுக்கக் கூடாது. ஏற்கனவே தெரிஞ்ச மிட்வைஃப் மிஸ்ஸுக்கு ட்ரெயினிங் குடுங்கோ, காணும்.

கொட்டாஞ்சேனைக்காரி:
அண்ணா, எங்க மிட்வைஃப் மிஸ் காலைல இருந்து ஊசி போடுற எடத்துல தான் நிக்கிறாங்க, பின்னேரம் பிள்ளத்தாச்சிமார பாக்க ஓடுறாங்க, அவங்க தலைல இதையும் வைக்க மனசு வரல. வாகனத்தப் பத்தி சொன்னது உண்மை, நான் அத யோசிக்கல. பேர் எழுதாத வாகனம் வரக்கூடாது, வீட்டு ஆளுங்க கூப்பிட்டாத்தான் வரணும்னு எழுதுறேன். ஆனா டீம் வேணும், ஏன்னா போன சனிக்கிழம ராத்திரி ஒண்டரைக்கு நானே ஒரு எடத்துக்கு ஃபோன் பண்ணேன், எதுன்னு சொல்லல, தமிழ் தெரிஞ்சவங்க காலைல தான்னாங்க. விடியிற வரைக்கும் அக்காவும் நானும் கதவுல சாஞ்சுகிட்டே இருந்தோம்.
திங்கக்கிழம பக்கத்து கிளினிக்குக்கு நடத்தியே கூட்டிட்டு போனோம், மருந்து குடுத்தாங்க, நேத்து நாலு மணித்தியாலம் தூங்கினாரு.
எம்ஓஎச்சுக்கு கடிதம் எழுதிட்டேன். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி ஆளுங்க யாரு கையெழுத்து போடுறீங்க?

மாளிகாவத்தை நானா:
மாளிகாவத்தையையும் சேருங்க. அடக்க விடாம வச்ச குடும்பங்கள முதல்ல போய் பாக்கோணும் எண்டு ஒரு வரி எழுதுங்க.

வெள்ளவத்தை வாசி:
முதல் ரெண்டுக்கும் என்ர பேரைப் போடுங்கோ தங்கச்சி. டீமுக்கு இல்லை.