பழைய கம்ப்யூட்டரில் வீட்டுப் புத்தகப் பட்டியல்: எந்த டேட்டாபேஸ் போடலாம்?

ஏட்டுச்சுவடி:
வணக்கம். வீட்டில் 2010-ல் வாங்கிய கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறது. கோர் 2 டுவோ, 2 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க், 32 பிட் விண்டோஸ் 7. அதில் நெட் இணைப்பு கிடையாது. வீட்டில் உள்ள 3,800 புத்தகங்களையும் யார் எதை இரவல் வாங்கிப் போனார்கள் என்பதையும் இதுவரை நோட்டில்தான் எழுதி வந்தேன், இப்போது அதில் பாதி எனக்கே படிக்க வரவில்லை. அக்கா மகன் லீவில் வந்தபோது ஏதோ ஒரு சர்வரைப் போட்டுக் கொடுத்தான். அதிலிருந்து கம்ப்யூட்டர் எழுந்து வரவே பத்து நிமிடம் ஆகிறது. போன வாரம் கரண்ட் போய் வந்த பிறகு அந்தச் சர்வர் கிளம்பவே மாட்டேன் என்கிறது, அடித்து வைத்த 400 புத்தகமும் போச்சு. புது கம்ப்யூட்டர் வாங்குங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். தமிழில் தேட வேண்டும், அகரவரிசையில் அச்செடுக்க வேண்டும். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், வரிசை தப்பினால் தூக்கம் வராது.

கணக்குப்பிள்ளை:
3,800 வரிக்கு எதற்கு சார் டேட்டாபேஸ்? லிப்ரே ஆபீஸ் கால்க் போதுமே, எக்செல் மாதிரி கட்டம் போட்ட இலவச மென்பொருள். ஒன்று மட்டும் கவனியுங்கள், 25.8 பதிப்பிலிருந்து விண்டோஸ் 7-ல் அது ஓடாது, அதற்கு முந்தையதை எடுங்கள்.

ஏட்டுச்சுவடி:
முயன்று பார்த்தேன் தம்பி. ஒரே புத்தகத்தை மூன்று பேர் அடுத்தடுத்து வாங்கிப் போனால் அந்த வரியில் எங்கே எழுதுவது? பக்கவாட்டில் கட்டங்கள் நீண்டுகொண்டே போகின்றன.

பழையஇரும்பு:
அப்படியென்றால் டேட்டாபேஸ்தான் சார், ஆனால் சர்வர் வேண்டாம். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் மாதிரி சர்வர் டேட்டாபேஸ் எல்லாம் பல பேர் ஒரே நேரத்தில் வந்து கேட்கும் இடத்துக்கானவை. நீங்கள் அந்தப் பக்கமே போகாத நாளிலும் பின்னணியில் ஓடி ராமைத் தின்னும், 2 ஜிபியில் அதற்கு இடமில்லை. எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸைப் போடுங்கள். அதில் பின்னணியில் தனியாக எதுவும் ஓடாது, உங்கள் தரவு முழுக்க ஒரே ஃபைல். மூடிவிட்டு அந்த ஃபைலைப் பென் டிரைவில் காப்பி எடுத்தால் பேக்கப் முடிந்தது. கட்டம் கட்டமாகப் பார்த்து அடிக்க டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, 32 பிட் பதிப்பாகப் பார்த்து வேறு கம்ப்யூட்டரில் இறக்கிக் கொண்டுவாருங்கள்.

இரண்டு டேபிள் போதும். ஒன்றில் புத்தக எண், தலைப்பு, ஆசிரியர், அலமாரி. இன்னொன்றில் புத்தக எண், வாங்கியவர், கொடுத்த நாள், திரும்பிய நாள். மூன்று பேர் வாங்கினால் இரண்டாவதில் மூன்று வரி, அவ்வளவுதான். தேதியை மட்டும் 2024-03-05 என்று ஆண்டு முதலில் வர எழுதுங்கள். எஸ்க்யூலைட்டில் தேதிக்கென்று தனி வகை கிடையாது, எழுத்தாகவே வைத்துக்கொள்ளும், 05-03-2024 என்று போட்டால் வரிசை குழம்பும்.

கரண்ட் விஷயம்: பத்துப் புத்தகம் அடித்ததும் கன்ட்ரோல் எஸ் அழுத்துங்கள். அழுத்தாதவரை எதுவும் ஃபைலில் நிரந்தரமாக ஏறாது. பாதி எழுதும்போது கரண்ட் போனால் பக்கத்தில் ஜர்னல் என்று முடியும் சின்ன ஃபைல் ஒன்று கிடக்கும். குப்பை என்று அழித்துவிடாதீர்கள்! அடுத்த முறை திறக்கும்போது அதை வைத்துத்தான் பழைய நிலைக்குச் சரிசெய்துகொள்ளும்.

மழைக்கால்:
லிப்ரே ஆபீஸிலேயே வரும் டேட்டாபேஸ் மென்பொருளான பேஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே? படிவம் வைத்து அடிக்க அதுதான் வசதி.

பழையஇரும்பு:
படிவம் அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதிலேயே உள்ளடங்கி வரும் ஹெச்எஸ்க்யூஎல்டிபி என்ற டேட்டாபேஸுக்கு ஜாவா என்ற இன்னொரு மென்பொருளும் வேண்டும், தரவும் சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப் ஃபைலுக்குள் இருக்கும். கரண்ட் போகிற வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

எழுத்தாணி:
ஐயா, அகரவரிசைக்கு எஸ்க்யூலைட்டை நம்பாதீர்கள். கம்ப்யூட்டரில் ஒவ்வோர் எழுத்துக்கும் யூனிகோட் என்ற முறையில் ஓர் எண் உண்டு, அது அந்த எண்ணைப் பார்த்துத்தான் அடுக்கும். யூனிகோடில் ந-வுக்கு அடுத்தே ன, ர-வுக்கு அடுத்தே ற. அதனால் அப்பாவுக்கு முன்னால் அன்னை வந்து நிற்பாள், அலைக்கு முன்னால் அறம் வரும். புள்ளியின் எண் உயிர்மெய்க் குறிகளுக்கும் பின்னால் இருப்பதால் அகம் முதலில், அக்கா பிறகு. தேடலுக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. அச்செடுக்கும் அன்று மட்டும் சிஎஸ்வி-யாக (காற்புள்ளியிட்டுப் பிரித்த எழுத்து ஃபைலாக) எடுத்து, கால்க்கில் திறக்கும்போது தமிழ் எழுத்து சரியாக வர யூடிஎஃப்-8 தேர்ந்தெடுத்து, அடுக்கும் இடத்தில் மொழியைத் தமிழ் என்று வைத்து அடுக்குங்கள்.

ஏட்டுச்சுவடி:
நேற்று மாலை உட்கார்ந்து 60 புத்தகம் ஏற்றிவிட்டேன். சோதிக்க வேண்டும் என்று நானே மெயின் சுவிட்சை அணைத்தேன், வீட்டில் திட்டு விழுந்தது. திரும்பப் போட்டுத் திறந்தால் 58 இருந்தது, கடைசி இரண்டுக்குக் கன்ட்ரோல் எஸ் அழுத்த மறந்திருக்கிறேன். கால்க்கில் அக்கா அகத்துக்கு முன்னால் வந்துவிட்டாள். இரவல் டேபிளில் முதல் வரி அக்கா மகன் பெயரில், திரும்பிய நாள் காலியாக இருக்கிறது.