ஐபிடேபிள்ஸ் மைனஸ் சி: இல்லாத ஆப்ஷனிடம் மாட்டியவர்கள் யாராவது உண்டா?

இரவு ஷிப்ட்
லினக்ஸின் ஃபயர்வால் கட்டளையான ஐபிடேபிள்ஸுக்காக எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிவைத்துப் போன ஸ்கிரிப்ட் இது. எந்தப் பாக்கெட்டை (நெட்வொர்க்கில் வரும் தரவுத் துண்டை) விடலாம் என்று சொல்லும் ரூல் ஏற்கெனவே இருக்கிறதா என்று மைனஸ் சி (பெரிய எழுத்து) போட்டுக் கேட்கும், இல்லையென்றால் மைனஸ் ஏ போட்டுச் சேர்க்கும். குறித்த நேரத்துக்கு வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் ஓடிக்கொண்டே இருக்கும். புது சர்வர்களில் தொல்லை இல்லை. மூலையில் ஒரு சென்ட்ஓஎஸ் 5 பெட்டி, பழைய லினக்ஸ். அதில் மைனஸ் சி கிடையாது, எர்ரர்தான் வரும். அந்த எர்ரரையும், போட்டதெல்லாம் காணாமல் போகும் டெவ் நல்லுக்குத் தள்ளியிருந்தார்கள். எர்ரர் வந்தால் ரூல் இல்லை என்றுதானே ஸ்கிரிப்ட் நினைக்கும்?

பெட்டி இழுக்கிறது என்று போன் வந்தது. ரூல்களைப் பட்டியலிட மைனஸ் எல் அடித்தேன். 22ஆம் போர்ட் அக்செப்ட், 22ஆம் போர்ட் அக்செப்ட், அதே வரி திரை திரையாக ஓடியது. கன்ட்ரோல் சி அடித்துத்தான் நிறுத்த முடிந்தது. வேறு போர்ட்டுக்கு வரும் ஒவ்வொரு பாக்கெட்டும் அத்தனை வரியையும் தாண்டித்தானே போகவேண்டும்!

பழைய பெங்குவின்
லினக்ஸ் கர்னல் 2.2 காலத்தில், ஐபிடேபிள்ஸுக்கு முன்பு இருந்த ஐபிசெயின்ஸில் மைனஸ் சிக்கு வேலையே வேறு. எங்கிருந்து, எந்த போர்ட்டுக்கு என்று சொன்னால், அந்தப் பாக்கெட் உள்ளே போகுமா தடுக்கப்படுமா என்று பதில் வரும். அருமையான வசதி. 2.4க்கு மாறி ஐபிடேபிள்ஸில் அதையே அடித்துப் பார்த்தேன். 'ரொம்பச் சீக்கிரம் செய்துவிடுகிறோம், சத்தியமாக' என்று கண்ணடிக்கும் குறியோடு ஒரு எர்ரர்! மேன் பக்கத்திலும் (கட்டளையின் கையேடு) பிழைகள் பகுதியில், செக் இன்னும் செய்யப்படவில்லை என்று ஒரு வரி. அந்தச் சத்தியம் நிறைவேறவே இல்லை. 2011இல் ஐபிடேபிள்ஸ் 1.4.11 வந்தபோது அதே எழுத்தை, ரூல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலைக்குக் கொடுத்துவிட்டார்கள். செய்யப்போவதில்லை என்றால் முதலிலேயே தூக்கியிருக்க வேண்டும்.

கட்டளைவரி
பெங்குவின் அண்ணே, தூக்கினால் மட்டும் என்ன ஆகிவிடும்? மேலே இருப்பவருடைய பெட்டியில் அது இல்லாததுதானே வினையே. கோளாறு டெவ் நல்லில். எனக்கும் ஒருமுறை இப்படி ரூல் இரட்டித்தது, அவ்வளவுதான் என் கதை.

இரவு ஷிப்ட் தம்பி, கட்டளை முடியும்போது தரும் வெளியேறும் எண்ணைப் பாருங்கள். ரூல் இல்லையென்றால் 1, ஆப்ஷனே புரியவில்லையென்றால் 2. 1 வந்தால் மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, ரூலை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதையே விட்டுவிடுவது. மொத்தத்தையும் ஒரு ஃபைலில் எழுதி ஐபிடேபிள்ஸ் ரெஸ்டோர் கொடுத்தால் டேபிள் ஒரே அடியில் மாறும், இரட்டிப்புக்கு வழியே இல்லை. ஐபிடேபிள்ஸுக்கு அடுத்து வந்த என்எஃப்டேபிள்ஸுக்குப் போனால் இன்னும் வசதி. ஆனால் அங்கே சின்ன எழுத்து மைனஸ் சி என்பது ஃபைலைப் போடாமல் சரிபார்க்க மட்டும்தான். பாக்கெட்டின் பாதை வேண்டுமென்றால் மானிட்டர் டிரேஸ். அப்புறம், கிரானில் ஃபயர்வால் ஸ்கிரிப்ட் எதற்கு? பூட்டில் ஒருமுறை போட்டால் போதாதா?

பழைய பெங்குவின்
டிரேஸ் பார்க்க நிஜப் பாக்கெட் வரவேண்டும். ஐபிசெயின்ஸில் அது இல்லாமலே கேட்கலாம். நான் சொன்னது அது.

இரவு ஷிப்ட்
டெவ் நல்லை எடுத்தாயிற்று. இப்போது கிரான் ஓடும்போதெல்லாம் அந்த எர்ரர் ரூட்டுக்கு (நிர்வாகி கணக்குக்கு) மெயிலாக வருகிறது. கிரானை ஏன் வைத்தார் என்று கேட்க அவர் நம்பரும் இல்லை.