பாஸ்கீ: கடவுவிசையா, கடவுச்சாவியா?

அனைவருக்கும் வணக்கம்.

கடவுச்சொல் இல்லாமல், ஃபோனில் விரல் வைத்தே ஒரு தளத்துக்குள் நுழைய உதவும் பாஸ்கீ என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று தொடங்கிய இந்த இழையில் இதுவரை ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன. கடவுவிசை, கடவுச்சாவி, கடவுத்திறவி, கடவுத்திறப்பு, கடவுமுத்திரை. என் கருத்தைச் சொல்வதற்கு முன், போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சித்தப்பா தன் ஃபோனைத் தமிழில்தான் வைத்திருக்கிறார். அன்று ஒரு செயலியைத் திறந்ததும், 'கடவு விசையை உருவாக்கவும்' என்று ஒரு திரை வந்தது. கீழே 'தொடர்க', 'இப்போது வேண்டாம்' என்று இரண்டு பொத்தான்கள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஃபோனைப் பக்கவாட்டில் திருப்பினார். ஒலியைக் கூட்டும் பொத்தானைத் தடவினார், அணைக்கும் பொத்தானைத் தடவினார். "இதுல எதுப்பா கடவு விசை?" என்று கேட்டார். பத்திரிகையை வரி விடாமல் படிக்கிற மனிதர். விசை என்றால் அழுத்துவது என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் தேடினார். அவர் படித்தது சரி, மொழிபெயர்க்கிற நாம் எழுதிக் கொடுத்ததுதான் தவறு.

மொழிபெயர்த்தவரையும் குறை சொல்ல மாட்டேன். நானும் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறேன். மொழிபெயர்ப்புக் கருவியில் நமக்குக் கிடைப்பது ஒற்றை வரிதான். அது எந்தத் திரையில் வருகிறது, மேலே என்ன படம், கீழே என்ன பொத்தான், எதுவும் தெரியாது. பக்கத்தில் சொற்கோவை 'கீ = விசை' என்று காட்டும். நூறு வரிகளில் தொண்ணூறு விசைப்பலகையைப் பற்றியதாக இருந்தால், மீதிப் பத்தும் விசை ஆகிவிடும்.

ஆகவே பாஸ்கீக்கு முன், இந்தக் 'கீ'யைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆங்கிலத்தில் இந்த மூன்றெழுத்துச் சொல் முதலில் பூட்டைத் திறக்கும் பொருள். மூடியதைத் திறப்பது என்பதிலிருந்து, புரியாததைப் புரியவைப்பது என்ற பொருளுக்கு நகர்ந்தது. தேர்வாணையம் வெளியிடும் உத்தேச விடைகள் ஒரு கீ. நிலப்படத்தின் ஓரத்தில் எந்தக் குறி கோவில், எந்தக் கோடு ரயில்பாதை என்று விளக்கும் கட்டம் ஒரு கீ. அப்புறம், எது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் நடக்காதோ அதுவும் கீ. தமிழில் இவற்றை விடைக்குறிப்பு, குறிவிளக்கம், முக்கியமான என்று தனித்தனியாகச் சொல்லி வருகிறோம், யாருக்கும் சிக்கல் இல்லை. (ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் இந்தக் கூட்டத்திலேயே சேராது. அது சிறு தீவைக் குறிக்கும் 'காயோ' என்ற ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. ஒலி மட்டும்தான் ஒன்று.)

பட்டறைக்குப் போனால் கீ வேறு. சுழலும் தண்டிலும் அதில் மாட்டும் பல்சக்கரத்திலும் ஒரு பள்ளம் வெட்டி, இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு இரும்புத் துண்டைச் செருகுவார்கள். தண்டு சுற்றினால் சக்கரமும் சேர்ந்து சுற்ற வேண்டும், வழுக்கக்கூடாது. அந்தத் துண்டுதான் கீ. அது எதையும் திறப்பதில்லை, இறுக்கிப் பிடிக்கிறது. ரயில்வேயில் கீமேன் என்று ஒரு வேலை இருக்கிறது தெரியுமா? தினமும் தன் பகுதித் தண்டவாளத்தின் மேலேயே நடந்து, கழன்ற பிடிப்புகளைச் சுத்தியலால் அடித்து இறுக்குபவர். தண்டவாளத்தைக் கட்டையோடு பிணைத்துவைக்கும் ஆப்புத் துண்டுக்குக் கீ என்று பெயர், அதைப் பார்த்துக்கொள்பவர் கீமேன். முன்பு ஒருமுறை எனக்குத் திருத்தக் கொடுக்கப்பட்ட ஒரு கட்டுரையில் இவரை 'முக்கிய மனிதர்' என்று மொழிபெயர்த்திருந்தார்கள். வெயிலிலும் மழையிலும் கிலோமீட்டர் கணக்கில் நடக்கிறவர் முக்கியமான மனிதர்தான், ஆனால் அந்தச் சொல் அதைச் சொல்லவில்லை.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ஆர்மோனியத்தில் நாம் அழுத்துவதும் ஆங்கிலத்தில் கீ, ஒரு பாட்டு எந்த ஸ்வரத்தை அடிப்படையாக வைத்துப் பாடப்படுகிறது என்பதும் கீ. இந்த இரண்டையும் நம் பாடகர்கள் எந்தக் குழுவும் கூட்டாமல், எந்த அகராதியும் பார்க்காமல் ஒரே சொல்லில் பிடித்துவிட்டார்கள். கட்டை! ஆர்மோனியத்தில் அழுத்துவது மரக்கட்டை, அதனால் கட்டை. 'சி' என்பது ஒரு கட்டை, 'டி' இரண்டு கட்டை. நடுவில் வரும் கறுப்பு ஒன்றரைக் கட்டை. 'எஃப் ஷார்ப்' நாலரைக் கட்டை. "அவர் எத்தனை கட்டையில் பாடுவார்?" என்று கேட்டால், பாட்டுத் தெரிந்த எவருக்கும் அடுத்த கேள்வி தேவையில்லை. கையில் தொட்ட பொருளிலிருந்து பிறந்த சொல் அது. பள்ளிச் சிறுமி முதல் மேடைக் கலைஞர் வரை அதைத்தான் சொல்கிறார்கள். கலைச்சொல் ஆக்குகிற நாம் அடிக்கடி நினைத்துப் பார்க்க வேண்டிய சொல் இது. ஆங்கிலச் சொல்லைப் பார்த்து அது பிறக்கவில்லை, செய்கிற வேலையைப் பார்த்துப் பிறந்தது.

விசையும் அந்த வகையில் நல்ல சொல்தான். விசைத்தறி, விசைப்படகு, துப்பாக்கியின் விசை எல்லாவற்றிலும், ஒன்றை முடுக்கினால் இன்னொன்று இயங்குகிறது. தட்டச்சுப் பொறியில் ஒரு விசையைத் தட்டினால் எழுத்துக்கம்பி எழும்பித் தாளில் அடிக்கும். இயற்பியல் பாடத்தில் விசைக்கு வேறு பொருள் இருந்தும் விசைப்பலகை இத்தனை நன்றாக நிலைத்தது அதனால்தான். ஆனால் பாஸ்கீயை யாரும் அழுத்துவதில்லை. அது கண்ணுக்கே தெரியாது. எனவே கடவுவிசையை இந்த இடத்திலேயே விட்டுவிடலாம் என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால் பாஸ்கீ செய்கிற வேலைதான் என்ன? கடவுச்சொல்லில், ஒரே ரகசியம் உங்களுக்கும் தெரியும், தளத்துக்கும் தெரியும். யாராவது உங்களை ஏமாற்றிக் கேட்டு வாங்கலாம். 1976இல் டிஃபி, ஹெல்மன் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை இதற்கு வேறு வழி காட்டியது. ரகசியத்தை இரண்டு பங்காகப் பிரிக்கலாம், ஒரு பங்கை ஊருக்கே கொடுத்துவிடலாம், மற்றதை மட்டும் நாம் வைத்துக்கொண்டால் போதும். அடுத்த ஆண்டே ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் அதை நடைமுறைக்கு ஏற்ற கணக்காகச் செய்து காட்டினார்கள். பாஸ்கீ அந்த யோசனையின் பேரப்பிள்ளை. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2022இல் இதைப் பரவலாகக் கொண்டுவருவதாக அறிவித்த பிறகுதான் நம் ஃபோன்களுக்கு வந்தது. நீங்கள் உள்ளே போக வேண்டும் என்றால், தளம் ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் எண்ணை அனுப்பும். நீங்கள் விரல் வைத்ததும் உங்கள் கருவி தன்னிடம் உள்ள ரகசியப் பங்கால் அதில் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பும். தளம் தன்னிடம் உள்ள பொதுப் பங்கை வைத்து அதைச் சரிபார்க்கும். ரகசியம் தளத்துக்குப் போவதே இல்லை. போலித் தளம் கேட்டால், முகவரி வேறு என்பதால் கருவி கையொப்பமிடாது.

இதை எழுதும்போதே ஒன்று உறுத்துகிறது. பாடநூல்களில் அந்தப் பொதுப் பங்கை நாம் 'பொதுச்சாவி' என்று எழுதுகிறோம். சாவியை ஊருக்கெல்லாம் கொடுப்பார்களா? மாணவர்கள் இந்த இடத்தில் முழிப்பதை நான் பார்த்திருக்கிறேன். நான் வகுப்பெடுத்தபோது இப்படிச் சொன்னேன்: ஊருக்குக் கொடுப்பது சாவி இல்லை, திறந்து வைத்த பூட்டு. நூறு பூட்டுகளை நூறு பேருக்குக் கொடுக்கலாம். எனக்கு ஏதாவது அனுப்ப வேண்டுமா, பெட்டியில் வைத்து அந்தப் பூட்டை அமுக்கி அனுப்புங்கள், திறக்கும் சாவி என்னிடம் மட்டும்தான். உடனே புரிந்துவிட்டது. கணிதத்தில் இரண்டும் ஒரே வகை எண்கள் என்பதால் ஆங்கிலம் இரண்டையும் கீ என்றது. நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பாஸ்கீக்கும் இது பொருந்துகிறது: தளத்தில் பூட்டு, கையில் சாவி. தளத்திலிருந்து பூட்டுகளை மொத்தமாகத் திருடிக்கொண்டு போனாலும் திருடனுக்குச் சாவி கிடைக்காது. ரகசிய எண்ணின் நீளம் கூடினால் உடைப்பது கடினம் என்பதையும், திண்டுக்கல் பூட்டில் லீவர் கூடக்கூட வேறு சாவி போட்டுத் திறப்பது கடினம் என்று சொன்னால் எவரும் பிடித்துக்கொள்வார்கள். பாடநூலில் பொதுச்சாவி இருக்கட்டும், அங்கே இரண்டுக்கும் பொதுவான சூத்திரங்கள் வரும். பயனர் படிக்கிற திரையில் பூட்டு–சாவி போதும் என்கிறேன்.

கடவுமுத்திரையை முன்வைத்த ஐயாவுக்கு: உங்கள் சொல்தான் தொழில்நுட்பத்துக்கு மிக நெருக்கம். நடப்பது கையொப்பம்தான், திறப்பது இல்லை. கணையாழியை எடுத்துக்காட்டியதும் மனத்தைத் தொட்டது. ஆனால் இராமனின் கணையாழி அனுமன் கைக்கு மாறி, சீதையிடம் போய்ச் சேர்ந்தது. இங்கே ரகசியம் கைமாறவே கூடாது. அதைவிடப் பெரிய தடை, திரையில் இருக்கும் படம். அங்கே வரைந்திருப்பது சாவி. படத்தில் சாவியும் எழுத்தில் முத்திரையும் இருந்தால் சித்தப்பா மறுபடியும் ஃபோனைத் திருப்பிப் பார்ப்பார்.

யாழ்ப்பாணத்து அக்காவின் கடவுத்திறப்பை நான் மறுக்கவில்லை. அங்கே வீட்டுச் சாவியே திறப்புத்தான். இங்கே திறப்பு என்றால் திறப்பு விழா. இலங்கைக்குத் தனி மொழிக்கோப்பு இருக்கும் செயலிகளில் கடவுத்திறப்பு என்றே வைக்கலாம். கடவு இரு பக்கமும் ஒன்றுதான், கடவுச்சொல்லையும் கடவுச்சீட்டையும் இரு நாட்டாரும் சொல்கிறோம். அங்கே சாலையைக் கடக்கும் இடம் பாதசாரிக் கடவை. 'கட' என்ற வேர் இரண்டு இடத்திலும் உயிரோடு இருக்கிறது.

சாவி போர்த்துகீசியச் சொல், அதைக் கலைச்சொல்லில் சேர்க்கலாமா என்று கேட்டவருக்கு: ஜன்னலும் அலமாரியும் மேசையும் அப்படி வந்தவைதான். திறவுகோல் அழகான சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் இன்று அது 'வெற்றியின் திறவுகோல்' என்று மேடையில்தான் கேட்கிறது. வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பும்போது, "திறவுகோலை எடுத்தியா?" என்று எவரும் கேட்பதில்லை. கடவுத்திறவுகோல் என்று வைத்தால் பொத்தானுக்குள்ளும் அடங்காது. சாவி நம்மிடம் வந்த பிறகு நம் வழியில் வளர்ந்தும் இருக்கிறது. கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறோம், பின்னால் இருந்து ஒருவரைத் தூண்டிவிட்டால் "யாரோ சாவி கொடுக்கிறாங்க" என்கிறோம். மணி பிடிக்காமல் பதரான நெல்லையும் சாவி என்கிறார்கள். "பயிர் சாவியாப் போச்சு" என்று ஒரு விவசாயி சொன்னால், யாரும் பூட்டைத் தேடுவதில்லை.

கடவுத்திறவி சுருக்கமாக, நன்றாக இருக்கிறது. ஆனாலும் அதைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். சாவிக்கு அந்த வேலை இல்லை.

நான் கவனித்துவரும் செயலியில் இப்படி மாற்றி, சரிபார்ப்புக்கு அனுப்பியிருக்கிறேன்: 'கடவுச்சாவி உருவாக்கு', 'கடவுச்சாவியால் உள்நுழை', 'இந்தக் கடவுச்சாவியை நீக்கு'. முதல் திரையில் தலைப்புக்குக் கீழே ஒரு வரியும் சேர்த்தேன்: 'சாவி உங்கள் ஃபோனில் இருக்கும். கடவுச்சொல்லை நினைவில் வைக்கத் தேவையில்லை.' நேற்று இரவு சித்தப்பாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, "அப்ப ஃபோன் தொலைஞ்சா?" என்றார். இந்த முறை அவர் பொத்தானைத் தேடவில்லை. சரியான கேள்வியைத்தான் கேட்டார். அதற்கும் அந்தத் திரையிலேயே ஒரு வரி வேண்டும். வேறு ஃபோனில் மீட்பது எப்படி என்பதை எட்டுச் சொற்களுக்குள் யாராவது எழுதித் தந்தால் சேர்த்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமை வரை கோப்பு திறந்திருக்கும்.

அன்புடன்