உதவி: ஓப்பன்டிடிடி – பிளாட்பாரம் காலி, ஆனா ரயில் உள்ளே வர மாட்டேங்குது

கரிவண்டி
அவசரம் நண்பர்களே. ஓப்பன்டிடிடி (போக்குவரத்து நிறுவனம் நடத்துற கணினி விளையாட்டு) ஆடறேன். மின் நிலையத்துல 4 பிளாட்பாரம் போட்ட நிலக்கரி ஸ்டேஷன். இவ்வளவு நாள் நல்லா ஓடிச்சு. இப்ப 2 பிளாட்பாரம் காலியா கிடக்கு, வெளியே லோடு வண்டி வரிசை கட்டி நிக்குது, ஒண்ணுகூட உள்ளே வரல. சிக்னல் எல்லாம் சரியாத்தான் இருக்கு. இது கேம்ல இருக்கிற பிழையா?

நீராவி77
சிக்னல் சரி, எந்த சிக்னல்? பிளாக் சிக்னலா (ஒரு பகுதிக்குள்ள ஒரே வண்டி), பாத் சிக்னலா (வண்டி போற பாதையை மட்டும் முன்பதிவு செய்யறது)? ரயில் எத்தனை கட்டம் (வரைபடச் சதுரம்) நீளம், பிளாட்பாரம் எத்தனை கட்டம், மொத்தம் எத்தனை வண்டி? பதிப்பு எண்ணும் சொல்லுங்க. படம் இருந்தா ரொம்ப நல்லது.

டிப்போ_தாத்தா
இதுக்குப் படமே வேணாம். பழுதுதான். ஸ்டேஷன் வாசல்ல இருக்கிற குறுக்குப் பாதையில ஒரு வண்டி பழுதாகி நின்னா பின்னாடி எல்லாம் நிக்கும். சர்வீஸ் இடைவெளி இயல்பா 150 நாள். வழியில டிப்போ இல்லேன்னா வண்டி சர்வீஸுக்கே போகாது, நம்பகத்தன்மை சரிஞ்சுகிட்டே வரும். ஸ்டேஷனுக்கு 10 கட்டம் முன்னாடி ஒரு டிப்போ வச்சு, ஆர்டர்ல 'தேவைப்பட்டால் சர்வீஸ்' சேருங்க. முடிஞ்சது.

சிவப்புக்கொடி
வாரத்துக்கு ஒருத்தர் வந்து 'சிக்னல் எல்லாம் சரியாத்தான் இருக்கு' என்று எழுதுகிறார். சரியாக இருந்தால் வண்டி ஏன் நிற்கிறது? சிக்னல் பற்றிய விளக்கம் இங்கேயே மேலே ஒட்டி வைத்திருக்கிறது. முதலில் அதைப் படித்துவிட்டு வரவும். பிழையாம்.

கரிவண்டி
பதிப்பு 14. பழுது அணைச்சு வச்சிருக்கேன் தாத்தா. எல்லாமே பாத் சிக்னல். வண்டி 6 கட்டம், பிளாட்பாரமும் 6.

நீராவி77
எத்தனை வண்டின்னு சொல்லவே இல்லையே.

பச்சைவிளக்கு
மின்சார எஞ்சினா? எங்கேயோ ஒரு கட்டத்துல மேல்கம்பி விட்டுப்போயிருக்கும். ஒரே ஒரு கட்டம் சாதாரணத் தண்டவாளமா இருந்தாலும் மின்சார வண்டிக்கு அது சுவர் மாதிரி. தண்டவாள மாற்றுக் கருவியை எடுத்து ஸ்டேஷன் மேல ஒரு இழு இழுங்க.

நீராவி77
அப்படின்னா 'ரயில் வழி தவறிவிட்டது' என்று செய்தி வரும். இங்கே அப்படி எதுவும் வந்ததா அவர் சொல்லல. கரிவண்டி, இந்த ரெண்டையும் செய்து பாருங்க:

1. அமைப்புகள் – இடைமுகம் பகுதியில் 'முன்பதிவான தண்டவாளத்தைக் காட்டு' என்பதை ஆன் செய்யுங்க. எந்த வண்டி எவ்வளவு தூரம் பாதை பிடிச்சிருக்கோ அது கருமையாத் தெரியும்.
2. நிக்கிற ஒவ்வொரு வண்டியையும் க்ளிக் செய்து ஜன்னலின் அடியில் இருக்கிற நிலைப்பட்டையைப் படிங்க. 'காலிப் பாதைக்குக் காத்திருக்கிறது' என்று எது சொல்லுது, எது வெறுமனே நிக்குதுன்னு பிரிச்சு எழுதுங்க. உள்ளே வர முடியாத வண்டியை விட்டுடுங்க, வெளியே போக முடியாத வண்டிதான் முக்கியம்.

முன்சிக்னல்_பிரியன்
பாத் சிக்னலை யார் போடச் சொன்னது? வாசலில் ஒரு நுழைவு சிக்னல், ஒவ்வொரு பிளாட்பாரத்துக்கும் ஒரு வெளியேற்ற சிக்னல். ஏதாவது ஒரு பிளாட்பாரம் காலியானால் நுழைவு பச்சை. கண்ணால் பார்த்தாலே புரியும். பாத் சிக்னல் உள்ளே என்ன முடிவெடுக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

நீராவி77
அதுல குறுக்குப் பாதை முழுக்க ஒரே பிளாக். ஒரு வண்டி வெளியே வரும்போது, அதை வெட்டாத பக்கத்துல இன்னொரு வண்டி உள்ளே போகலாம்னாலும் விடாது. 4 பிளாட்பாரம் கட்டி ஒரு நேரத்துக்கு ஒரு வண்டியை மட்டும் நகர்த்தறதுக்கு 2 பிளாட்பாரமே போதுமே. பாத் சிக்னலின் பலமே அதுதான்: வெட்டிக்கொள்ளாத ரெண்டு பாதையை ஒரே சமயத்துல தரும்.

முன்சிக்னல்_பிரியன்
தரும், பிறகு இப்படி உறைந்தும் போகும்.

கரிவண்டி
14 வண்டி. 3 சுரங்கம். இரட்டைத் தடம். வாசலில் ஒரு வண்டி தலை வெளியே, வால் குறுக்குப் பாதை மேல. அதுல 'காலிப் பாதைக்குக் காத்திருக்கிறது'னு வருது. ஆனா அதுக்கு முன்னாடி தண்டவாளம் இருக்கே?? படம் ஏத்த முடியல.

நீராவி77
இதோ வந்தாச்சு. வாசல்ல இருந்து வெளியே போற லைன், பிரதான லைனோட சேர்ற இடம் வரைக்கும் எத்தனை கட்டம்? நடுவுல சிக்னல் எங்கெங்கே?

கரிவண்டி
இழுத்து விட்டேன், அதுவே போட்டுக்கிச்சு. சேர்ற இடத்துக்கு 5 கட்டம் இருக்கும்.

நீராவி77
இழுத்து விட்டா இயல்பா 4 கட்டத்துக்கு ஒரு சிக்னல் விழும். உங்க வண்டி 6 கட்டம். அதனால சேர்ற இடத்துக்கு முன்னாடி இருக்கிற சிக்னல்ல தலை நின்னா, வால் ரெண்டு கட்டத்துக்குக் குறுக்குப் பாதை மேலேயே கிடக்கும். அது கிடக்கிற வரைக்கும் உள்ளே வர்ற வண்டிக்குப் பாதை கிடைக்காது. பிளாட்பாரம் காலியா இருந்து பிரயோஜனம் இல்லை.

நேர்லைன்ல 4 கட்ட இடைவெளி தப்பே இல்லை, 6 கட்ட வண்டி ரெண்டு பிளாக்கைப் பிடிச்சுக்கும், அவ்வளவுதான். சந்திப்பைத் தாண்டின உடனே வர்ற முதல் சிக்னல்தான் விஷயம். பாத் சிக்னல் என்பது 'இங்கே வண்டி நின்னால் பரவாயில்லை' என்கிற உத்தரவாதம். நிக்கக்கூடாத இடத்துல அதை வச்சா கேம் உங்களை நம்பி அங்கேயே நிறுத்தும்.

சரிசெய்ய ரெண்டு வழி:

அ) வாசலுக்கும் சேர்ற இடத்துக்கும் நடுவுல இருக்கிற எல்லா சிக்னலையும் எடுத்துடுங்க. அப்ப பிளாட்பாரத்துல இருந்து கிளம்பும்போதே, சேர்ற இடத்தையும் தாண்டி அடுத்த சிக்னல் வரைக்கும் பாதை கிடைச்சாத்தான் வண்டி நகரும். அந்த அடுத்த சிக்னலும் சேர்ற இடத்துல இருந்து குறைஞ்சது 6 கட்டம் தள்ளி இருக்கணும், இல்லேன்னா இதே நோய் அங்கே போய் உட்காரும்.

ஆ) சேர்ற இடத்தைத் தள்ளிக் கொண்டுபோய், வாசலுக்கும் அதுக்கு முந்தின சிக்னலுக்கும் நடுவுல முழுசா 6 கட்டம், கைக்கு ஒண்ணு கூட்டி 7, விடுங்க. ஒரு முழு வண்டி வாசலை விட்டு வெளியே வந்து நிம்மதியா நிக்கும். போக்குவரத்து அதிகம்னா இதுதான் மேல். லைன் வளைஞ்சு நீண்டாலும் வருமானம் குறையாது. கூலி ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல இருக்கிற கட்ட தூரத்துக்கும் எடுத்துக்கிட்ட நாளுக்கும்தான், தண்டவாள நீளத்துக்கு இல்லை. தவிர இது வெறும் வண்டி திரும்பிப் போற பக்கம்.

பிளாட்பார வாயில்ல தனியா சிக்னல் கட்டாயம் இல்லை. வாசலுக்கு உள்ளே வர்ற பக்கம் ஒரு ஒருவழி பாத் சிக்னல் போதும். இரட்டைத் தடத்துல வேற எங்கேயும் இருவழி பாத் சிக்னல் வைக்காதீங்க. அதைப் பின்பக்கமாவும் வண்டி கடக்கும், வரிசை நீண்டா எதிர்த்தடத்துல புகுந்துடும்.

கணக்குப்புலி
வால் பிரச்சினை சரி. ஆனால் அந்தத் தலை ஏன் அங்கே நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லையே? பிரதான லைன் காலியாக இருந்தால் அது போயிருக்கும். முன்னால் இன்னொரு வரிசை இருக்கிறது. கரிவண்டி, மூன்று சுரங்கத்தின் மாத உற்பத்தி, ஸ்டேஷன் மதிப்பீடு (உற்பத்தியில் ஸ்டேஷனுக்கு வரும் சதவீதம்), தூரம், எந்தச் சுரங்கத்துக்கு எத்தனை வண்டி? ஆர்டரில் ஃபுல் லோடு, அதாவது நிரம்பும் வரை நில் என்பது, உண்டா?

கரிவண்டி
168 டன் (35 கட்டம் தூரம், 6 வண்டி), 144 (80 கட்டம், 4 வண்டி), 120 (110 கட்டம், 4 வண்டி). எல்லாம் ஃபுல் லோடு. மதிப்பீடு 68 பக்கம். 2 எஞ்சின், 10 பெட்டி. முதல் சுரங்கத்துல ஒரே பிளாட்பாரம்தான், மெயின் லைன்லயே.

கணக்குப்புலி
அதுதான். பெட்டிக்கு 20 டன், வண்டிக்கு 200 டன். முதல் சுரங்கம் 168-இல் 68 சதவீதம், அதாவது மாதம் 114 டன் தருகிறது. ஒரு வண்டி நிரம்ப 1.75 மாதம். போய்வர ஒரு மாதம்கூட ஆகாத தூரம். ஒன்று நிரம்பிக்கொண்டிருக்க, ஒன்று ஓட, 2 வண்டி போதும். நீங்கள் விட்டிருப்பது 6. மிச்ச 4–5 வண்டி அந்த ஒற்றைப் பிளாட்பாரத்துக்கு வெளியே, மெயின் லைன் மேலேயே நிற்கும். 4 கட்ட இடைவெளியில் சிக்னல் இருப்பதால் நிற்கும் ஒவ்வொரு வண்டியும் 8 கட்டத்தைப் பிடிக்கும். 5 வண்டி, 40 கட்டம். உங்கள் தூரமே 35. வரிசை மின் நிலைய வாசலில் வந்து முட்டிவிட்டது.

இனி பூட்டு எப்படி விழுகிறது என்று பாருங்கள். வெறும் வண்டி வாசலில் நிற்கிறது, லோடு வண்டி உள்ளே போக முடியவில்லை. லோடு வண்டிகளின் வரிசை எதிர்த்தடத்தில் பின்னோக்கி வளர்ந்து முதல் சுரங்கத்தின் வெளிவாயை அடைக்கிறது. அங்கே நிரம்பிய வண்டி கிளம்ப முடியாது. அது கிளம்பாமல் வெறும் வண்டி வரிசை நகராது. வளையம் முடிந்தது.

மற்ற இரண்டும்: 144-க்கு மாதம் 98 டன், 2 வண்டி. 120-க்கு 82 டன், தூரம் அதிகம் என்பதால் 3. மொத்தம் 7.

டிப்போ_தாத்தா
ஃபுல் லோடுதான் எல்லாத்துக்கும் வினை. அதை எடுத்துட்டா வரிசையே வராது.

கணக்குப்புலி
எடுத்தால் மதிப்பீடு விழும். கடைசியாக ஏற்றியதிலிருந்து 7.5 நாளுக்குள் என்றால் அந்த ஒரு காரணத்துக்கே 51 சதவீதம் கிடைக்கிறது. வண்டி நின்று ஏற்றிக்கொண்டே இருந்தால் அந்தக் கணக்கு பூஜ்யத்திலேயே இருக்கும். வேகத்துக்கு அதிகபட்சம் 17, புது வண்டிக்கு 13, ஊரில் நிறுவனச் சிலை வைத்தால் 10, குறைந்த தேக்கத்துக்கு 16. ஃபுல் லோடை எடுத்துவிட்டு அந்த 51-ஐ வேறு எங்கே சம்பாதிப்பீர்கள்? ஃபுல் லோடு வேண்டும், அளவான வண்டி வேண்டும், காத்திருக்கும் இடம் மெயின் லைனுக்கு வெளியே வேண்டும்.

பச்சைவிளக்கு
சரி, இப்ப பூட்டிக் கிடக்கிறதை எப்படித் திறக்கிறது? சுரங்கத்துல நிக்கிற வண்டிக்கு ஆர்டரைத் தாண்டச் சொன்னா கிளம்பிடுமே.

நீராவி77
கிளம்பாது, வெளிவாய் அடைச்சிருக்கு. வெறும் வண்டியைத்தான் குறைக்கணும். சுரங்கத்துக்கு முந்தின கடைசி சிக்னலுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவுல, வண்டி நிக்காத கட்டத்துல ஒரு டிப்போ கட்டுங்க. முன்னாடி நிக்கிற வண்டியை டிப்போவுக்கு அனுப்பி நிறுத்துங்க, அடுத்தது, அதுக்கு அடுத்தது. டிப்போவுக்குள்ளே எத்தனை வண்டி வேணும்னாலும் போகும், அது இந்த கேமின் பழைய மாயம். 'சிக்னலை மீறு' பொத்தானை மட்டும் தொடாதீங்க, மோதும்.

ரயில்கனவு
இவ்வளவு கணக்குப் போட்டு விளையாடுவது விளையாட்டா, வேலையா? டிரான்ஸ்போர்ட் ஃபீவர் 2-இல் லைன் போட்டால் வண்டி ஓடுகிறது. பார்க்கவும் அழகு.

முன்சிக்னல்_பிரியன்
அதிலும் சிக்னல் பாதை பிடிப்பதுதான். சந்திப்புக்குப் பின் இடம் விடாமல் சிக்னல் வைத்தால் அங்கேயும் வால் இதே மாதிரி மாட்டும். முதல் சில வருடம் தாண்டினால் பணம் கொட்டும், செலவழிக்க வழியிருக்காது. வரைபடம் நிறைந்தால் கணினி திணறும். இங்கே ஆயிரக்கணக்கான வண்டியைப் பழைய கணினியிலும் ஓட்டலாம்.

ரயில்கனவு
அங்கே ஒவ்வொரு பயணிக்கும் போகும் இடம் உண்டு. இங்கே எந்த ஸ்டேஷனில் இறக்கினாலும் காசு.

கணக்குப்புலி
1.4 பதிப்பிலிருந்து, அதாவது 2014-இலிருந்து, சரக்குப் பங்கீடு என்று ஓர் அமைப்பு இருக்கிறது. பயணிகளுக்கு 'சமச்சீர்' என்று வைத்தால் போகும் இடம் வந்துவிடும். இயல்பாக அணைந்திருப்பது குறைதான், ஒப்புக்கொள்கிறேன். சிமுட்ரான்ஸ் என்ற இன்னொரு விளையாட்டில் அது முதலிலிருந்தே கேமின் அடித்தளம்.

சிவப்புக்கொடி
சிக்கலே வேண்டாம் என்பவர்கள் ரயில்வே எம்பயருக்குப் போகலாம். எளிய முறையில் ரயில்கள் ஒன்றையொன்று ஊடுருவிப் போகும். சிக்னல் கவலையே இல்லை.

ரயில்கனவு
இந்த எகத்தாளத்தால்தான் புதியவர்கள் வருவதில்லை. ஓப்பன்டிடிடி-யின் பெரிய பலவீனம் இதுதான்: வண்டி நிற்கிறது என்று சொல்லும், எந்த வண்டி மறிக்கிறது என்று சொல்லாது. அந்த மனிதர் சிக்னல் இடைவெளியை மாற்றவே இல்லை, இயல்பாக இருந்ததைத்தான் போட்டார். 4 கட்ட இடைவெளியைக் கொடுத்துவிட்டு 6 கட்ட வண்டியை ஓட விட்டது யார்?

நீராவி77
அதுல நியாயம் இருக்கு. வண்டி நீளத்துக்கு இயல்பான வரம்பு 7 கட்டம், சிக்னல் இடைவெளி 4. ரெண்டும் ஒண்ணோடொண்ணு பேசிக்கிறதே இல்லை. சிக்னல் ஜன்னல்ல இடைவெளியை மாத்தலாம், ஆனா வண்டி நீளத்துக்கு அது எவ்வளவு இருக்கணும்னு கேம் சொல்லித் தராது.

சிவப்புக்கொடி
மேலே ஒட்டி வைத்த விளக்கத்தில் இருக்கிறது.

ரயில்கனவு
கேமுக்குள் இல்லை என்றுதானே சொல்கிறேன்.

கரிவண்டி
டிப்போ கட்டி 6 வண்டியை உள்ளே தள்ளினேன், பூட்டு திறந்துடுச்சு. வெளி லைனை 7 கட்டமா நீட்டினேன். இப்ப 8 ஓடுது. நன்றி நீராவி, கணக்குப்புலி.

கணக்குப்புலி
7 என்றல்லவா சொன்னேன். எந்தச் சுரங்கத்தில் ஒன்று அதிகம்? முதல் சுரங்கம் என்றால் அங்கே ஒற்றைப் பிளாட்பாரத்துக்கு வெளியே எப்போதும் ஒன்று நிற்கும், தூரத்துச் சுரங்கத்து வண்டிகள் அதன் பின்னால் நிற்கும். அந்த ஸ்டேஷனை மெயின் லைனிலிருந்து கிளை பிரித்துப் போடுங்கள், பிரியும் இடத்துக்கும் பிளாட்பாரத்துக்கு முந்தைய சிக்னலுக்கும் 7 கட்டம் விட்டு.

டிப்போ_தாத்தா
பழுதை ஆன் பண்ணினா சொல்லுங்க. 150 நாள் கணக்கு அப்ப வரும்.

கணக்குப்புலி
கரிவண்டி, எந்தச் சுரங்கம்?