மறு: [கலைச்சொல்] பொய் சொல்லும் ‘நான்’ – என்ன பெயர் வைப்பது?

எழுதியவர்: காவேரிப்பட்டினத்தாள்

அன்புள்ள குழுவினருக்கு,

முதுகலை மாணவர்களுக்கு உளவியல் மர்ம நாவல் பற்றி ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வியாழன் மாலைக்குள் கிருஷ்ணகிரி ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால்தான் வெள்ளிக்கிழமை வகுப்புக்குக் கிடைக்கும். ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். தன்மையில் கதை சொல்லிக்கொண்டே போகிறவர், பாதிப் புத்தகத்துக்கு மேல் பார்த்தால் நம்பத்தக்க ஆளே இல்லை. மறைத்திருக்கிறார், மறந்திருக்கிறார், அல்லது தன்னையே ஏமாற்றிக்கொண்டிருக்கிறார். ஆங்கிலத்தில் unreliable narrator என்கிற இவரைத் தமிழில் என்னவென்று சொல்வது? ‘நம்பமுடியாத கதைசொல்லி’ என்று கரும்பலகையில் எழுதினேன். ‘அவ்ளோ நல்லா கதை சொல்லுவாரா மேம்?’ என்று கேட்டான் ஒரு பையன்.

இன்னொருத்தி கேட்டதற்குத்தான் இன்னும் பதில் தேடுகிறேன். ‘சொல்றவனே பொய் சொன்னா, நான் எதுக்கு மேம் விடிய விடிய முழிச்சிருந்து படிக்கணும்?’ சொல் கிடைத்தால் அதற்குள்ளேயே பதிலும் இருக்கும் என்று ஒரு நப்பாசை.

---

எழுதியவர்: தகடூரான்

‘நம்பகமற்ற கதைசொல்லி.’ ஏற்கெனவே பலரும் எழுதிக்கொண்டிருப்பதுதான். கையேட்டை அச்சுக்கு அனுப்புங்கள் அம்மா.

---

எழுதியவர்: பழைய ஓலை

தகடூராரின் அவசரம் எனக்கில்லை. அரூரில் ஓய்வூதியத்தோடு உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன அவசரம்?

‘நம்பு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘நம்பும் மேவும் நசையா கும்மே’ என்பது தொல்காப்பியத்தின் உரியியல். நம்பு என்றால் நசை, அதாவது விருப்பம். நம்பி, நம்பன் எல்லாம் விரும்பப்படுபவன் என்ற வழியில் வந்தவை. அப்படியானால் நம்பகமற்றவன் யார்? விரும்பத்தகாதவன். ஆனால் இந்த நாவல்களில் நடப்பது நேர்மாறு அல்லவா? ஏமாற்றுகிறான் என்று தெரிந்த பிறகும் வாசகன் அவனை விரும்பித்தான் தொலைக்கிறான். ‘நம்பகம்’ என்பதிலுள்ள ‘அகம்’ எந்த விகுதி என்பதும் எனக்கு விளங்கியதில்லை. அடுத்தது, ‘கதை’ வடசொல்.

என் பரிந்துரை: புரைமொழிஞர். புரை என்றால் குற்றம், உள்ளே பொள்ளல். ‘புரைதீர்ந்த நன்மை’ என்று வள்ளுவர் பொய்மையைப் பேசும் குறளிலேயே இச்சொல் வருவது தற்செயல் அன்று.

---

எழுதியவர்: தகடூரான்

ஐயா, அதே உரியியலில்தான் ‘புரை உயர்பு ஆகும்’ என்றும் இருக்கிறது. உங்கள் வழியிலேயே போனால் புரைமொழிஞர் என்பவர் உயர்ந்த மொழி பேசும் சான்றோர். பல்லில் புரை, கண்ணில் புரை என்று மருத்துவமனைப் பக்கம் வேறு போய் நிற்கும். ‘கதை’யும் தமிழ்தான் என்று வாதாட ஆளிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கதைத்தல் என்றாலே பேசுதல்தானே.

---

எழுதியவர்: ஓசூர் எல்லை

இரண்டு பெரியவர்களும் பொறுத்தருள வேண்டும். மொழிபெயர்த்துப் பிழைக்கிறவன் என்பதால் பிழைப்புக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன்.

இந்தக் கருத்தைப் பெயரிட்டு நிறுத்தியவர் வேய்ன் பூத். அமெரிக்கத் திறனாய்வாளர், ஆண்டு 1961. அவருடைய அளவுகோல் பொய் அல்ல. படைப்பு எந்த நெறிகளின்மேல் நிற்கிறதோ அவற்றோடு ஒத்துப் பேசுகிறவர் நம்பத்தக்கவர், விலகிப் பேசுகிறவர் தகாதவர். அறிந்தே பொய் சொல்கிறவர்கள் குறைவு என்றும், தன்னைப் பற்றித் தானே தவறாக எண்ணிக்கொண்டிருப்பவர்களே மிகுதி என்றும் அவரே சொல்கிறார். ஆகவே பொய், புரை, புளுகு, கள்ளம் என்று தொடங்கும் எந்தச் சொல்லும் பாதிப் பேரை வெளியே தள்ளிவிடும். குடித்துவிட்டு நினைவு தப்பியவளைப் பொய்யள் என்பதா? வீட்டில் நடப்பது புரியாத குழந்தையை?

அறிந்து செய்கிறவர்களிலும் நுட்பம் இருக்கிறது. 1926-இல் வந்த அகதா கிறிஸ்டியின் ரோஜர் அக்ராய்ட் நாவலில் கதை சொல்லும் மருத்துவர்தான் கொலைகாரர். ஆனால் அவர் பொய்யே எழுதுவதில்லை. எட்டு நாற்பதுக்குக் கடிதம் வந்தது, எட்டு ஐம்பதுக்கு நான் கிளம்பினேன் என்கிறார். நடுவிலிருக்கும் பத்து நிமிடத்தை மட்டும் எழுதாமல் விட்டுவிடுகிறார். நன்னூல் ஒரு நூலுக்குச் சொல்லும் பத்துக் குற்றங்களில் முதல் குற்றமே இதுதான்: குன்றக் கூறல், அதாவது சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு என் பதில். துப்பறியும் கதையில் ‘யார் செய்தது’ என்று தேடுகிறோம். இதில் ‘யாரை நம்புவது’ என்று தேடுகிறோம், அதுவும் நம் காதோரமாகப் பேசிக்கொண்டிருப்பவரையே சந்தேகித்தபடி. ‘நான்’ என்று ஒருவர் தொடங்கிவிட்டால் அவர் பக்கம் சாய்ந்துவிடுவது நம் பழக்கம். அந்தப் பழக்கத்தின்மேல் கைவைக்கிறது இந்த வகை.

தமிழில் பெயர்க்கும்போது இன்னொரு சிக்கல். நம் வினைமுற்றே வேவு பார்க்கும். ‘கதவைப் பூட்டினேன்’ என்றால் உறுதி. ‘பூட்டியிருப்பேன்’ என்றால் நினைவு இல்லை. ‘பூட்டிவிட்டேன்’ என்றால் ஒரு வேலை முடிந்த நிம்மதி. ‘பூட்டினேனாம்’ என்றால் எவரோ சொல்லித்தான் தெரிகிறது. ஆங்கிலத்தில் ‘I locked’ என்ற ஒரே வடிவத்துக்குள் இவற்றில் எதுவும் ஒளிந்திருக்கலாம். நான் ஒரு ‘ஆம்’ கூடுதலாகப் போட்டால் முந்நூறாம் பக்கத்து இரகசியம் மூன்றாம் பக்கத்தில் வெளியே வந்துவிடும். முதல் வரைவில் எல்லாவற்றையும் தட்டையாக ‘பூட்டினேன்’ என்றே எழுதிவிட்டு, முழுப் புத்தகமும் முடிந்த பிறகு திரும்பி வந்து பார்ப்பேன். ‘பேசியிருப்பேன்’, ‘போயிருப்பேன்’ என்று ஓரிரு இடத்தில் மட்டும் மெல்ல வைப்பேன். நல்ல வாசகர் இரண்டாம் முறை படிக்கும்போது அங்கே நிற்பார்.

பெயர் என்று கேட்டால், எல்லைக்கு அந்தப்பக்கம் கன்னடத்தில் கதைசொல்லியை ‘நிரூபக’ என்கிறார்கள். நமக்கு ஒத்துவராது என்று தெரியும்.

---

எழுதியவர்: தகடூரான்

கொலைகாரர் யாரென்று போட்டு உடைத்தாயிற்று. அந்த நாவல் என் மேசைமேல்தான் இருக்கிறது, நாற்பது பக்கம் தாண்டியிருந்தேன். நூறாண்டுப் பழைய நாவல் என்று சமாதானம் சொல்லாதீர்கள் தம்பி.

ஆனால் இதில் ஒரு கலைச்சொல் சங்கதியும் இருக்கிறது. எந்தப் பெயர் வைத்தாலும் அதைப் பின்னட்டையில் அச்சடித்த கணமே பாதிக் கதை போயிற்று அல்லவா?

---

எழுதியவர்: ஓசூர் எல்லை

மன்னியுங்கள் ஐயா. மீதியைப் படியுங்கள், முன்னைவிட நன்றாக இருக்கும், கேலியாகச் சொல்லவில்லை. 2012-இல் கான் கேர்ள் (Gone Girl) என்ற நாவல் வந்து விற்ற பிறகு இந்த முத்திரையைப் பார்த்தே வாங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். பொய் சொல்வாரா என்பது இப்போது கேள்வியில்லை. எந்த வரியில் சொல்கிறார் என்று பிடிப்பதுதான் ஆட்டம்.

---

எழுதியவர்: பதினெட்டாம் போர்

பென்னாகரம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

சொல் நம் ஊரிலேயே இருக்கிறதே: கட்டியங்காரன். திரௌபதி அம்மன் கோயிலில் கூத்து நடக்கும்போது திரைக்கு முன்னால் வந்து நின்று ‘இவர்தான் துரியோதன மகாராசா’ என்று நமக்குச் சொல்வது யார்? கதையை எடுத்துக் கொடுப்பதும் அவன், நடுவில் புகுந்து திரிப்பதும் அவன். கதைக்குள்ளும் இருப்பான், வெளியேயும் இருப்பான். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம்.

---

எழுதியவர்: பழைய ஓலை

ஆகா! ஐயா, நீங்கள் வாழ்க.

சீவக சிந்தாமணியை நினைத்துப் பாருங்கள். சச்சந்தன் ஆட்சியை எவனை நம்பி ஒப்படைத்தான்? கட்டியங்காரன் என்னும் அமைச்சனை. அவன் என்ன செய்தான்? நம்பியவனையே கொன்று அரசைப் பிடித்தான். கட்டியம் கூறுவோன் ஒருவன், நம்பிக்கைக் கேடன் ஒருவன், இருவருக்கும் ஒரே பெயர்! இதைவிடப் பொருத்தமான சொல்லை எந்த மொழியிலாவது காட்டுங்கள். புரைமொழிஞரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தோற்று அல்ல, இதைவிடச் சிறந்தது வந்ததால்.

---

எழுதியவர்: காவேரிப்பட்டினத்தாள்

எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் கூத்தைச் சின்ன வயதிலிருந்து விடியவிடிய பார்த்தவள் நான். அங்கே உண்மையைப் பேசுகிறவனே கட்டியங்காரன்தான். ராசா வேடம் பொய்ப் பெருமை பேசும்போது அதை முகத்துக்கு நேரே கிண்டலடிப்பவன். ராசாவை நம்பாமல் அவனை நம்பித்தான் நாங்கள் சிரிப்போம். சிந்தாமணி அமைச்சனுக்காக இவனைப் பலிகொடுக்க முடியுமா ஐயா?

---

எழுதியவர்: பதினெட்டாம் போர்

அது சரிதான் மேடம். ஆனாலும் பேர் நல்லா இருக்குது.

---

எழுதியவர்: தகடூரான்

இலக்கியம் என்று வந்துவிட்டதால் நானும் சொல்கிறேன். நம் மண்ணின் அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது போனாரே, புறம் 95. உன் ஆயுதங்கள் பீலி சூட்டி, நெய் பூசி, காவல் மனையில் பத்திரமாக இருக்கின்றன. எங்கள் அரசனுடையவை நுனி முறிந்து கொல்லன் உலையில் கிடக்கின்றன என்கிறார். சொல்வது ஒன்று, கேட்க வேண்டியது வேறு. தகடூரில் இருந்து இந்த மரபு—

---

எழுதியவர்: ஓசூர் எல்லை

ஐயா, அது அங்கதம். ஔவை சொல்வதன் உட்பொருள் தொண்டைமானுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஒருவரும் ஏமாறவில்லை.

சங்கப் பாட்டு வேண்டுமென்றால் குறுந்தொகை 25 எடுங்கள். ‘யாரும் இல்லை, தானே கள்வன், தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ.’ கூடிய பொழுதில் சாட்சி ஒரு குருகுதான், அதுவும் ஆரல் மீன் தேடிக்கொண்டிருந்தது. தலைவன் பொய்த்துவிட்டால் என்று தலைவி அஞ்சுகிறாள். ஆனால் நாம் கேட்பது அவள் கூற்றை மட்டும்தான். தலைவன் வாயே திறக்கவில்லை.

---

எழுதியவர்: பழைய ஓலை

கபிலரின் தலைவியையா ஐயப்படுகிறீர்? அகத்திணையில் தலைவி கூற்றைப் பொய் என்று கொள்ள எனக்கு மனமில்லை. தோழி பொய் சொல்வாள், தலைவன் பரத்தையர் சேரியிலிருந்து வந்து வண்டி வண்டியாகச் சொல்வான். இந்தத் தலைவி சொல்லமாட்டாள்.

---

எழுதியவர்: ஓசூர் எல்லை

பொய் என்று சொல்லவில்லை ஐயா. ஐயுற இடமிருக்கிறது என்றேன்.

---

எழுதியவர்: காவேரிப்பட்டினத்தாள்

இதே நன்னூலில் ‘மற்றொன்று விரித்தல்’ என்று, எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரிக்கும் ஒரு குற்றம் உண்டு. இன்று புதன்கிழமை.

ஆனால் ஓசூர்த் தம்பி போகிறபோக்கில் எழுதிய ‘ஐயுற’ என்பதைப் பிடித்துக்கொள்கிறேன். ‘ஐயுறு கதைசொல்லி’ என்றால்? சொல்பவர்மேல் குற்றம் சுமத்தாமல், கேட்பவர் ஐயப்பட வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொல்லும். குழந்தைக்கும் பொருந்தும், குடித்தவளுக்கும் பொருந்தும், மருத்துவருக்கும் பொருந்தும். உங்கள் கருத்தை இன்று இரவுக்குள் எழுதுங்கள்.

---

எழுதியவர்: தகடூரான்

ஐயுறு என்றால் ஐயப்படுகிறவர் கதைசொல்லி என்று படிப்பார்கள். வினைத்தொகைக்கு இந்த இருபக்க வேலை உண்டு. என் ஓட்டு பழையதற்கே: நம்பகமற்ற கதைசொல்லி. தேடினால் கிடைக்கும் சொல்.

---

எழுதியவர்: பதினெட்டாம் போர்

நம்பகமற்ற. புரியுது.

---

எழுதியவர்: ஓசூர் எல்லை

எனக்கு ஐயுறு கதைசொல்லி பிடித்திருக்கிறது. ஆனால் பதிப்பகம் விடாது. மெய்ப்பு பார்ப்பவர் ‘நம்பகமற்ற’ என்று திருத்திவிட்டுத்தான் அனுப்புவார். ஆகவே அதுவே.

---

எழுதியவர்: காவேரிப்பட்டினத்தாள்

கையேடு கடைக்குப் போய்விட்டது. தலைப்பில் ‘நம்பகமற்ற கதைசொல்லி’. உள்ளே இரண்டாம் பத்தியில் ‘ஐயுறு கதைசொல்லி எனவும் சொல்லலாம்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். குன்றக் கூறல், மாறுகொளக் கூறல் (முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது), மயங்க வைத்தல் (பொருள் தெளியாமல் குழப்புவது) மூன்றையும் நன்னூலிலிருந்து எடுத்து வகைப்பாடாக வைத்துவிட்டேன். அதற்கு யாரிடமும் ஒப்புதல் கேட்கவில்லை. பூட்டினேன், பூட்டியிருப்பேன் எடுத்துக்காட்டும் உண்டு. ஓசூர்த் தம்பிக்கு நன்றி. கேள்வி கேட்ட பெண்ணுக்கு அதைத்தான் முதலில் காட்டப்போகிறேன்.

---

எழுதியவர்: பழைய ஓலை

பெரும்பான்மைக்குத் தலைவணங்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். நசையற்றவன் என்று பொருள்படும் சொல்லை, வாசகன் நசையோடு துரத்தும் ஒருவனுக்கு இட்டிருக்கிறீர்கள். என் குறிப்பேட்டில் கட்டியங்காரன் என்றே எழுதிக்கொள்வேன். கூத்தில் அவன் உண்மை பேசுகிறான் என்ற அம்மையாரின் வாதத்துக்கு மறுப்பு ஒன்று இருக்கிறது. சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் உரையைப் புரட்டிவிட்டு ஞாயிறன்று எழுதுகிறேன்.