மழையில் வெளுத்துப்போன டேங்கர்

மாட்டுங்காவிலிருந்து எழுதுகிறேன். எச்.ஓ. அளவில், அதாவது நிஜ ரயிலின் 87-இல் ஒரு பங்காக, ஒரு டேங்கர் வேகன் மாடல் வைத்திருக்கிறேன். வாங்கியபோது பொம்மை மாதிரி மினுமினுப்பாக இருந்தது. டிராம்பே சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வரும் டேங்கர் ரேக், அதாவது டேங்கர்கள் கோத்த முழு ரயில், குர்லா பக்கம் நிற்கும்போதெல்லாம் உற்றுப் பார்ப்பேன். அழுக்கு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. மேல்மூடியிலிருந்து வழிந்த எண்ணெய் கறுத்துப் பளபளக்கும், அதன் மேல் தூசி அப்பியிருக்கும். மற்ற இடமெல்லாம் மங்கல். சக்கரத்துப் பக்கம் பிரேக் தூளும் துருவும் சேர்ந்த செம்பழுப்பு.

அதைத்தான் மாடலில் கொண்டுவரப் பார்த்தேன். அடர்பழுப்பு அக்ரிலிக் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு கலந்து பூசி, இரண்டு நிமிஷம் கழித்துப் பஞ்சுக்குச்சியால் மேலிருந்து கீழாக இழுத்துத் துடைத்தேன். மழைத்தண்ணீர் ஓடும் திசை அதுதான். குறுக்கே துடைத்தால் பார்த்தவுடனே பொய் தெரிந்துவிடும். அப்புறம் பேஸ்டல் என்ற வண்ணச் சாக்குக் கட்டியை பிளேடால் சுரண்டி, அந்தத் தூளை மெல்லிய பிரஷ்ஷால் தடவினேன். இதுவரை மனசுக்கு நிறைவாக வந்தது.

தப்பு செய்தது கடைசியில். ஜூலை மழையில், பால்கனியில் நின்று மேட் வார்னிஷ், அதாவது பளபளப்பில்லாத வார்னிஷ், ஸ்பிரே அடித்தேன். பத்து நிமிஷத்தில் வேகன் முழுக்கப் பால் ஊற்றியது போல வெளுத்துவிட்டது. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்துவிடுகிறது. மூன்று வார உழைப்பு, கண் கலங்கியது. அக்டோபர் வெயிலில், ஒரு காய்ந்த மதியம், அதே வார்னிஷை மிக மெல்லியதாக ஒரு தடவை அடித்தேன். வெளுப்பு பெரும்பாலும் கரைந்துபோனது. பேஸ்டல் தூள்தான் பாதி காணாமல் போனது. வார்னிஷ் பட்டால் தூள் மங்கும், ஆகவே கொஞ்சம் தாராளமாகவே தடவ வேண்டும். எண்ணெய் வழிசலை எல்லாம் முடிந்த பிறகு, கறுப்போடு பளபளப்பு வார்னிஷ் கலந்து வரைந்தேன். முன்பே வரைந்திருந்தால் மேட் அதையும் மங்கவைத்திருக்கும். இப்போது ஜூன் முதல் செப்டம்பர் வரை ஸ்பிரே டப்பாவைத் தொடுவதில்லை. தண்ணீரில் கரையும் வார்னிஷ், பிரஷ், அவ்வளவுதான்.

செம்பூரிலிருந்து ஒரு பதில்: அண்ணே, எனக்கும் இதே கதி நடந்தது. நிலக்கரி ஏற்றும் பாக்ஸ்-என் வேகனுக்கு நான் ஹேர் ஸ்பிரே வழியில் போனேன். துரு நிறம் பூசிக் காயவிட்டு, மேலே ஹேர் ஸ்பிரே, அதன்மேல் அக்ரிலிக். அரை மணி நேரத்துக்குள் ஈரப் பிரஷ்ஷால் குத்தினால் பெயின்ட் சில்லு சில்லாக உரிந்து உள்ளே துரு தெரியும். ஒரு நாள் விட்டுப் பார்த்தேன், சரியாக உரியவில்லை.

டோம்பிவிலியிலிருந்து இன்னொரு பதில்: பழைய வகை நீல ஐ.சி.எஃப். பயணிகள் பெட்டி மாடல் செய்பவர்கள் அடிப்பாகத்தை மட்டும் மறக்காதீர்கள். அதன் பிரேக் கட்டை சக்கரத்திலேயே உரசுவதால் போகி, அதாவது பெட்டிக்கு அடியிலுள்ள சக்கரச் சட்டம், முழுக்கப் பழுப்புத் தூள் படியும். புதிய வகை எல்.எச்.பி. பெட்டியில் டிஸ்க் பிரேக், அங்கே அந்த அளவுக்குப் பூசினால் பொருந்தாது. நான் இரண்டுக்கும் ஒரே பழுப்பைப் பூசி, பின்னால் எல்.எச்.பி. போகியை மட்டும் கழுவி எடுத்தேன்.