சி.ஓ.பி.டி. தீவிரமடைந்து சேரும் பெண்கள்: டெகாஃப் மதிப்பெண் குறித்து ஆலோசனை தேவை

வணக்கம். சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) தீவிரமடைந்து மருத்துவமனையில் சேரும் பெண்களில் யாருக்கு உயிராபத்து மிகுதி என்பதை, சேரும் நாளிலேயே கணிக்க முயல்கிறேன். பயன்படுத்துவது 2012-இல் வெளியான டெகாஃப் மதிப்பெண்: மூச்சுத்திணறலின் அளவு, ஈயோசினோஃபில் என்ற வெள்ளையணுக்களின் குறைவு, எக்ஸ்ரேயில் நிமோனியா நிழல், இரத்தத்தின் பிஎச் 7.30-க்குக் கீழ் இறங்குதல், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (சீரற்ற இதயத்துடிப்பு) ஆகியவற்றுக்கு மொத்தம் 6 புள்ளிகள். 3 அல்லது அதற்கு மேல் என்றால் அதிக ஆபத்து.

எங்கள் தரவில் ஆண்களிடம் கணிப்பும் நடப்பும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. பெண்களிடமோ, 3 புள்ளி பெற்ற பலர் நலமாக வீடு திரும்புகிறார்கள். யாருக்கு ஆபத்து கூட, யாருக்குக் குறைவு என்று வரிசைப்படுத்துவதில் குறையில்லை, ஆபத்தின் அளவுதான் மிகையாக வருகிறது. இவர்களில் பெரும்பாலோர் புகைபிடிக்காதவர்கள், விறகுப் புகையால் நோயுற்றவர்கள்.

என் சந்தேகம் ஈயோசினோஃபில் மீதுதான். பலர் வீட்டிலேயே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஸ்டீராய்டு அந்த அணுக்களை மைக்ரோலிட்டருக்கு 50-க்குக் கீழே இறக்கிவிட்டால், நோயின் தீவிரம் எப்படியிருந்தாலும் ஒரு புள்ளி சேர்ந்துவிடுகிறது.

இதே நோய்க்கான பேப்-65 என்ற இன்னொரு ஆபத்து மதிப்பெண்ணையும் போட்டுப் பார்த்தேன். வயதும் நாடித்துடிப்பும் மேலோங்கி, நடுத்தர வயதினரைப் பிரித்துக் காட்டவில்லை. பிறகு டெகாஃப் கணிப்பு மாதிரியில் பாலினத்தைத் தனி மாறியாகச் சேர்த்தேன். பெண்களில் இறப்புகள் குறைவு என்பதால் அதன் கெழு (மாதிரியில் அதற்குரிய எடை) நிலைகொள்ளவில்லை, பூட்ஸ்ட்ராப் (தரவிலிருந்து மீண்டும் மீண்டும் மாதிரி எடுத்துச் சோதித்தல்) செய்யும்போதெல்லாம் கூட்டல், கழித்தல் குறி மாறுகிறது. புதிய மாதிரி உருவாக்குவதற்கு இத்தரவு போதாது.

இந்நிலையில், பெண்களுக்கு இடைமறிப்பை (மாதிரியின் அடிப்படை ஆபத்து அளவை) மட்டும் மறுஅளவீடு செய்வது சரியா, அல்லது முன்பே ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு ஈயோசினோஃபில் புள்ளியை நீக்கிவிட்டுக் கணக்கிடுவது சரியா?